நாற்காலிக்குப் பின்னால்

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி லீவு முடிந்து இன்று ஆபீஸ். அதிரசம் கொண்டுபோனேன், மதியத்துக்குள் டப்பா காலி. டப்பாவை மட்டும் காணோம். யார் எடுத்தது என்று ஊகம் இருக்கிறது, பேர் எழுத வேண்டாம்.

டைரி எழுதும் பழக்கம் எனக்கு எதற்கு என்று வீட்டில் அமுதா கேட்கிறாள். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், நான் அன்றைக்கே நினைத்தேன் என்று சொல்லக் கையில் ஏதாவது வேண்டாமா?

எழுத வேண்டிய விஷயம் இதுதான். சரவணம்பட்டியில் எங்கள் கம்பெனி நூல் மில்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறது. கோடிங் டீமுக்கு நான் லீட். ஜூனில் சேர்ந்த இந்துமதி என்ற பெண்ணுக்கு இந்த மாதத்தோடு ப்ரொபேஷன் முடிகிறது. கோடிங் டீமில் அவளை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று நான்தான் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். டீமில் இப்போது அவள் ஒருத்திதான் பெண். முன்பு மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி கல்யாணம் ஆகிப் போனாள், ஒருத்தி குழந்தைக்காக நின்றாள், இன்னொருத்தி டெஸ்டிங்குக்கு மாறிக்கொண்டாள். எல்லாரும் அவர்களாகவே போனவர்கள், யாரும் போகச் சொல்லவில்லை.

இந்துமதி எழுதிய ப்ரோகிராமை இன்று உட்கார்ந்து படித்தேன். வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட முடியாத பெண் எழுதுவதில் தப்பு இருக்க வேண்டும். இருந்தால்தான் அது அவள் எழுதியது. இதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. எடை பார்த்துத்தான் வாங்கினேன். சரியாக இருந்தது. தராசையும் ஒருநாள் பார்க்க வேண்டும்.

நவம்பர் 7, வியாழன்

தண்ணீர் பிடிக்கும் சாக்கில் இரண்டு மூன்று தடவை அவள் இடத்துப் பக்கம் போய் வந்தேன். வேலை செய்கிற மாதிரியே தெரியவில்லை. இரண்டு கையும் மடியில். காதில் இயர்போன் வயர். கண் திரையில். உதடு மட்டும் லேசாக அசைகிறது. வெகுநேரம் இப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் திடீரென்று கீபோர்டை இழுத்து ஒரே மூச்சாக அடிக்கிறாள். அடிப்பதும் ஆமை வேகம்தான், எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறாள். ஆனால் ஒரு வரியைக்கூட அழிப்பதில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ போனில் சொல்லச் சொல்ல இவள் கேட்டுக்கொள்கிறாள். சொல்வதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறாள், அதுதான் உதட்டசைவு. எங்கள் டீமில் என் பக்கத்துச் சீட்டு சிவராஜிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். அவளுக்கு பெங்களூரில் ஒரு அண்ணன் இருக்கிறானாம். என்ன வேலை என்று சிவராஜுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

நவம்பர் 8, வெள்ளி

நேராகவே கேட்டுவிட்டேன்.

"இது நீயா எழுதினதும்மா?"

"ஆமாங்க சார்."

"யாராச்சும் ஹெல்ப் பண்ணுனாங்களா?"

"இல்லீங்க சார்."

அவ்வளவுதான். கோபப்படவில்லை, அழவும் இல்லை. குற்றம் இல்லாதவர்களுக்குக் கோபம் வரும். குற்றம் உள்ளவர்களுக்கும் வரும். இவளுக்கு எதுவும் வரவில்லை என்றால் இந்தக் கேள்விக்கு முன்பே தயாராக இருந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

வீட்டில் அமுதாவிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிக்கொண்டே, "ஏனுங்க, சிவராஜ் எழுதுனா இது நீயா எழுதுனதுன்னு கேப்பீங்களா?" என்றாள்.

சிவராஜ் வேறு. அவன் நெட்டில் இருந்து எடுத்துத்தான் ஒட்டுகிறான். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான், வெளிப்படையான பையன். அமுதாவும் எம்.சி.ஏ. படித்தவள்தான், என்னைவிட மார்க்கும் அதிகம். ஆனால் ஆபீஸ் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. தர்ஷிகா பிறந்ததும் வேலை வேண்டாம் என்று அவளாகவே சொல்லிவிட்டாள்.

நவம்பர் 11, திங்கள்

மேனேஜர் ரகோத்தமனிடம் விஷயத்தைக் காதில் போட்டேன். நான்கு மணி டீக்கு நாங்கள் எல்லாரும் கீழே மூலைக் கடைக்குப் போவோம். யாருக்கு எந்த வேலை என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும், மீட்டிங் ரூமில் பேசினால் வளவளவென்று இழுக்கும். இந்துமதி வருவதில்லை. கூப்பிட்டதும் இல்லை. அந்தச் சிகரெட் புகையில் அவள் வந்து என்ன செய்வாள்?

"விட்டுத்தள்ளு சேகர்," என்றார் அவர். "எப்படியும் ரெண்டு வருசத்துல பத்திரிகையக் கொண்டாந்து நீட்டப்போவுது. பெரிய வேலை எதையும் தலைல கட்டாம பாத்துக்க."

அவருக்கு இது சின்ன விஷயம். எனக்கு அப்படி இல்லை. ஏமாற்றுகிறவளை உள்ளே விட்டவன் என்று நாளைக்கு என் பேர்தான் கெடும்.

நவம்பர் 17, ஞாயிறு

காரைக் கழுவினேன். கதவில் புதுக் கீறல். மேல்வீட்டுப் பையனின் சைக்கிள்தான்.

தர்ஷிகாவின் பள்ளியில் அடுத்த மாதம் கண்காட்சி. ஒன்பதாவதுக்கு கம்ப்யூட்டரில் ஏதாவது செய்துகாட்டச் சொல்லி, இரண்டிரண்டு பேராகச் சேர்த்திருக்கிறார்கள். இவளுக்கு ஆதவ் என்ற பையன் ஜோடி. இன்று வீட்டுக்கு வந்தான். காலையிலிருந்து சாயந்தரம் வரை ஹாலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கண்காணித்தேன். பேப்பரில் ஒரு வரி படித்தேனா என்று கேட்டால் இல்லை.

பையன்மேல் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை, மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தான். நம் வீட்டு மகாராணிதான் ஒன்றும் செய்யவில்லை. அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு காலையிலிருந்து வாய் ஓயாமல் பேச்சு. நடுவில் ஒரு தடவை போய், "அவன வேலை செய்ய விடு கண்ணு," என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மாதிரி என்னைப் பார்த்தாள். இந்த வயதில் எதைச் சொன்னாலும் முறைப்புதான்.

நவம்பர் 19, செவ்வாய்

முக்கியமான தடயம். இந்துமதி சாப்பிடப் போயிருந்தபோது அவள் இயர்போன் மேசைமேல் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். பழையது, வயரில் ஒட்டுப் போட்டிருக்கிறாள். திரும்பி வந்து மாட்டிக்கொண்டதும் வயரின் மறுமுனை எங்கே போகிறது என்று தள்ளி நின்று கவனித்தேன். போனிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை. துப்பட்டா மடிப்பில் சும்மா தொங்குகிறது. எதிலும் சொருகவில்லை!

நான் சோர்ந்துவிடவில்லை. சொருகாத வயரை ஒருத்தி எதற்குக் காதில் மாட்ட வேண்டும்? நம் கவனத்தைத் திருப்பத்தான். உண்மையான கருவி வேறு எங்கோ இருக்கிறது.

நவம்பர் 21, வியாழன்

பல்லடம் மில்லில் இருந்து காலையிலேயே திட்டு. முழு நைட் ஷிப்ட்டில் ஓடும் நூல் இரண்டு தேதியிலும் கணக்கில் ஏறுகிறதாம். ஷிப்ட் நடுவில் தேதி மாறுகிறதே, அங்கேதான் கோளாறு. இவ்வளவு நாள் அந்த மில்லில் பகலும், நள்ளிரவோடு முடியும் அரை நைட்டும்தான் ஓடியது, இப்போதுதான் முழு நைட் ஆரம்பித்திருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று முதலாளியே பேசிவிட்டார்.

அந்த ஷிப்ட் பகுதி நான் சேர்ந்த புதிதில் எழுதியது. அதற்கப்புறம் யார் யாரோ கைவைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கப் பார்த்தேன். ஒரு பக்கம் சரிசெய்தால் இன்னொரு பக்கம் கழன்றுகொள்கிறது.

சாயந்தரம் ஒரு யோசனை வந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நாளைக்கு மேனேஜர் முன்னால் இந்த வேலையை இந்துமதியிடம் கொடுக்கிறேன். போன் கிடையாது, வயர் கிடையாது, கதவு சாத்திய அறை. பெங்களூர் அண்ணன் எந்த வழியாக வருகிறான் என்று பார்க்கலாம்.

நவம்பர் 22, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மீட்டிங் ரூமில் என் லேப்டாப்பைப் பெரிய திரையில் மாட்டி வைத்தேன். ரகோத்தமன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். இந்துமதியிடம் போனையும் இயர்போனையும் வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. வைத்துவிட்டு வந்தாள்.

கோளாறை விளக்கி, "இப்பவே பண்ணு பாக்கலாம்," என்றேன்.

கீபோர்டு முன் உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பார்க்கிறோம் என்றதும் விரல் எழுத்தைத் தேடித் திணறியது. ஒரு வார்த்தை அடித்தாள், அதிலேயே இரண்டு எழுத்துத் தப்பு. அழித்தாள். மறுபடி தப்பு. ரகோத்தமன் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவருக்கு ஒரு போன் வந்து வெளியே போனார்.

அவள் எழுந்து நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க உக்காந்து அடிக்கறீங்களா? நான் சொல்றனுங்க."

விளையாட்டாகத்தான் உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் போகிறாள் என்று பார்க்கலாமே. அவள் என் நாற்காலிக்குப் பின்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று சொல்ல ஆரம்பித்தாள். வேறு ஆளின் குரல் அது. எந்த வரியில் போக வேண்டும், எதை எடுக்க வேண்டும், எதை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு தடுமாற்றமும் இல்லை. நான் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன், உடனே நிறுத்தி, "அங்க ஒரு புள்ளிங்க சார்," என்றாள். நடுவில், "எங்கம்மா மில்லுக்குத்தானுங்க போறாங்க. முழு நைட்டுன்னா ஷிப்ட் ஏறுன நாள்தான் கணக்குன்னு சொல்லுவாங்க. நம்ம ப்ரோகிராம் இறங்கற நாளையும் சேத்துப் பாக்குதுங்க," என்றாள். நான் அடித்துக்கொண்டே போனேன். ஓட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. முந்தின நாள் முழுக்க எனக்கு வராதது.

அப்போதுதான் ரகோத்தமன் கதவைத் திறந்தார். திரையைப் பார்த்தார், கீபோர்டில் இருந்த என் கையைப் பார்த்தார்.

"முடிச்சிட்டியா சேகர்? கலக்கிட்ட போ! நமக்கு இதான் சரிப்படும். புதுசுங்கள நம்பிட்டு உக்காந்திருந்தா மில்லு கைய விட்டுப் போயிருக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மில்லுக்குப் போன் போட்டுக்கொண்டே போய்விட்டார். இந்துமதி என்னைப் பார்த்தாள். நான் திரையின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

சும்மா இருப்பது சங்கடமாக இருந்ததால், இப்படிச் சொல்ல எங்கே பழகினாய் என்று கேட்டேன்.

"காலேஜ் லேப்ல நாலு பேருக்கு ஒரு சிஸ்டமுங்க. பசங்க ஓடிப்போய் உக்காந்துக்குவாங்க, நாங்க பின்னாடி நிப்பம். நான் சொல்லுவன், அவங்க அடிப்பாங்க. நாலு வருசமும் அப்படியேதானுங்க. வீட்லயும் சிஸ்டம் இல்ல. இங்க வந்துதான் எனக்குன்னு ஒரு கீபோர்டு. மனசுக்குள்ள ஒருக்கா முழுசாச் சொல்லிப் பாத்தாத்தான் எனக்குக் கை வருதுங்க."

"காதுல வயரு?"

கொஞ்சம் வெட்கப்பட்டாள். "சும்மா முணுமுணுத்துட்டே இருந்தா கிறுக்குன்னு நெனைப்பாங்கன்னுதானுங்க. வயர் இருந்தா போன் பேசறாளாட்டிருக்குன்னு விட்டுருவாங்கல்ல."

"பெங்களூர்ல அண்ணன்?"

"அவன் டெம்போ ஓட்றானுங்க சார். ஏனுங்க?"

ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 25, திங்கள்

பல்லடத்தில் கணக்குச் சரியாக ஓடுகிறது. முதலாளி நேரில் பேசினார். ரகோத்தமன் எல்லாருக்கும் மெயில் அனுப்பியிருக்கிறார், என் பேரைத் தடித்த எழுத்தில் போட்டு. குழுவின் வெற்றி என்று பதில் போட்டேன். பெருந்தன்மையான பதில் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

இந்துமதியும் "வாழ்த்துகள் சார்" என்று அனுப்பியிருக்கிறாள். வெறும் இரண்டு வார்த்தை. இதற்கு என்ன அர்த்தம்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கேட்காமல் இருக்கிறாள் என்றால் மனதில் ஏதோ கணக்கு வைத்திருக்கிறாள். ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நவம்பர் 28, வியாழன்

ரிப்போர்ட்டை முடித்து அனுப்பிவிட்டேன். நன்றாக யோசித்து, அவள் நன்மையை நினைத்துத்தான் எழுதினேன். ஏமாற்றுக்காரி என்று எழுதவில்லை, அந்தச் சந்தேகமே இப்போது இல்லை. "மிகத் தெளிவாகப் பேசுகிறார். சிக்கலான விஷயத்தையும் மற்றவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்கிறார். கீபோர்டில் வேகம் போதாது. மில்காரர்களிடம் பேசும் கிளையன்ட் பிரிவுக்கு மிகவும் பொருத்தமானவர்." இதில் எந்த வார்த்தை பொய்? வேலை நிரந்தரம், போகும் நேரம் வரும் நேரம் ஒழுங்கு. பெண் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

ரகோத்தமன் படித்துவிட்டு, அருமையான யோசனை என்றார்.

சாயந்தரம் அவளே வந்து என் மேசை முன்னால் நின்றாள்.

"சார், கோடிங் டீம்லயே இருக்கறதுக்கு நான் என்னங்க பண்ணணும்?"

"அது ரிப்போர்ட் போயிருச்சேம்மா."

"கை மெதுவுன்னு போட்டிருக்கீங்களாமா. மூணு மாசம் டைம் குடுங்க சார், வேகமா அடிச்சுப் பழகிக்கறனுங்க. எனக்குப் பேசற வேலை வேண்டாங்க சார். இந்த வேலைக்குத்தானுங்க நான் வந்தேன்."

கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம் என்றேன். சரிங்க சார் என்று போய்விட்டாள். இன்றைக்கும் கோபப்படவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

இந்துமதி முன்பக்கம் ரிசப்ஷனை ஒட்டிய இடத்துக்கு மாறிவிட்டாள். வாசலில் நுழைந்தால் முதலில் அவள் முகம்தான். நாள் முழுக்க மில்காரர்களோடு பேச்சு. அதே ஒட்டுப் போட்ட இயர்போன். வயர் இப்போது போனில் சொருகியிருக்கிறது.

மதியம் சிவராஜ் அவளுடைய பழைய சீட்டுக்கு வந்துவிட்டான், அங்கே காற்று வருகிறதாம். யாராவது கேட்டால், அவளாகவே மாறிக்கொண்டாள் என்று ரகோத்தமன் சொல்கிறார். ஏறக்குறைய அப்படித்தான்.

டிசம்பர் 6, வெள்ளி

கோபம் இன்னும் அடங்கவில்லை.

இன்று பள்ளியில் கண்காட்சி. அரை நாள் லீவு போட்டுப் போனேன். ஊர் பஸ் எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று காட்டுகிற மாதிரி இவர்கள் செய்திருந்தது, உண்மையிலேயே நன்றாக இருந்தது. முதல் பரிசும் கிடைத்தது. மேடைக்கு அந்த ஆதவை மட்டும் கூப்பிட்டுக் கோப்பையைக் கொடுத்தார்கள். என் மகள் கீழே மேசை பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டியில் வரும்போது கேட்டேன். "அதுல நீ என்ன பண்ணுன?"

"எல்லாம் நான்தான்ப்பா. நான் சொல்லச் சொல்ல அவன் டைப் பண்ணுனான். அவனுக்குத்தான் ஸ்பீடு."

"அப்புறம் உன்னை ஏன் கூப்பிடல?"

"லேப்ல அவன்தானே சிஸ்டம் முன்னாடி உக்காந்திருந்தான், மிஸ் அதைத்தானே பாத்தாங்க. நான் நல்லா பேசறேன்னு, வர்றவங்களுக்கு எக்ஸ்ப்ளெயின் பண்ண விட்டாங்க."

"வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே! நீ செஞ்ச வேலைக்கு இன்னொருத்தன் எப்படிக் கோப்பை வாங்கலாம்? அவனுக்காவது மனசாட்சி வேண்டாமா, நான் இல்ல இவதான்னு ஒரு வார்த்தை?"

சிக்னல் வரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "அன்னைக்கு நீங்களே அவன வேலை செய்ய விடுன்னுதானேப்பா சொன்னீங்க," என்றாள்.

திங்கட்கிழமை முதல் வேலை, அந்த டீச்சரைப் போய்க் கேட்கப்போகிறேன். அந்தப் பையனின் அப்பாவையும் விசாரிக்க வேண்டும். பள்ளிக்கு அவர் ஏதோ செய்திருக்கிறார், இல்லாவிட்டால் இப்படி நடக்காது.

டிசம்பர் 7, சனி

டீச்சருக்கு இன்றே பேசிவிடலாம் என்று போனை எடுத்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வேறு வேலை வந்துவிட்டது, வைத்துவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

பல்லடம் மில்லில் ஷிப்ட் நேரத்தை மாற்றுகிறார்களாம். அந்தப் பகுதியில் ஒரு சின்னத் திருத்தம், நான்தான் செய்ய வேண்டும். நீதானே எழுதியது என்கிறார் ரகோத்தமன். காலையிலிருந்து லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கே கைவைப்பது என்று பிடிபடவில்லை. இந்துமதிக்குப் போன் செய்யலாம்தான். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

தர்ஷிகா தலை துவட்டிக்கொண்டே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். வெகுநேரம் நின்றாள். இப்போதெல்லாம் யாராவது பின்னால் நின்றால் எனக்குக் கழுத்துக் கூசுகிறது.

"இது என்னங்கப்பா?"

மில் கணக்கு என்றேன். திரையில் விரல் வைத்தாள்.

"மேல எல்லாம் சுத்திச் சுத்தி எழுதியிருக்கு. இந்த இடம் மட்டும் வேற யாரோ எழுதுன மாதிரி இருக்கே. அழகா இருக்கு." வரியின் ஓரத்தில், எழுதியவர் என்று இருந்த பேரைப் படித்தாள். என் பேர்தான். "இது நீங்களா எழுதுனீங்க?"

"ஆமா கண்ணு."

"யாரும் ஹெல்ப் பண்ணலையா?"

"இல்லை," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. சரிப்பா என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவருகில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவள் என்னை நம்பவில்லை.